கள்ளி வேறு, காக்டஸ் வேறு

சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் நடைகூடங்களில் மாலை வேளையில் நடந்து செல்வோர் இதனைக் கண்டிருப்பர். துளசிக்கு இடம் போதாத வாசலிலும் ஒரு சட்டி இருக்கும். சட்டியில் இடுப்பளவு உயரத்தில் பச்சைத் தூண் ஒன்று கிளையின்றி நிமிர்ந்து நிற்கும். மேலிருந்து கீழ்வரை வரப்பு வரப்பாக விளிம்புகள், விளிம்புதோறும் முட்கள். தமிழர் வீடாயின் பெரியவர்கள் அதனைக் கள்ளி என்பர். பிள்ளைகள் காக்டஸ் என்பர். எது சரி என்று கேட்டால், "இரண்டும் ஒன்றுதானே, சார்" என்ற விடை வரும்.

தோற்றத்தைப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் அவற்றின் பிறப்பு வேறு, குடும்பம் வேறு, நம் மக்களிடையே வந்து சேர்ந்த வரலாறும் வேறு. இந்த வேறுபாட்டை நூல்களில் படித்து அறிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் ஒரு மாணவனின் கண்ணால் நான் கற்ற பாடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தலைமை ஆசிரியராக இருக்கும் தோட்டப் பள்ளியில் அறிவியல் மூலை ஒன்றை அமைத்தோம். கடையில் ஒரு தூண் செடியை வாங்கி வந்து வைத்து, "காக்டஸ் - அமெரிக்கப் பாலைநிலச் செடி" என்று என் கையாலேயே அட்டையில் எழுதி ஒட்டினேன். ஒருநாள் பந்து பட்டு அதன் நுனி ஒடிந்தது. ஒடிந்த துண்டை எடுத்து வைக்கப் போன நான்காம் ஆண்டு மாணவன், அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எரிகிறது என்று வந்தவனிடம், "காக்டஸில் முள்தான் உண்டு, நஞ்சு கிடையாது, முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்" என்றேன். ஒரு மணி நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாதபடி வீங்கிவிட்டது. மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "ஒடிந்த இடத்தில் பால் வந்ததா?" என்பது. வந்தது, பால்மரத்தைச் சீவினாற்போல் வெள்ளை வெளேரென்று வந்தது. நானும் பார்த்தேன், பார்த்தும் உணர்ந்திலேன். இரண்டு வாரத்தில் பார்வை முழுதும் தெளிந்து பிள்ளை தப்பினான். அவன் தந்தை செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "எங்கப்பா இருந்திருந்தா பார்த்ததுமே இது கள்ளின்னு சொல்லியிருப்பாருங்க, சார்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய தந்தைக்குத் தெரிந்திருந்த ஒன்று, பயிற்சிக் கல்லூரியில் படித்த எனக்குத் தெரியாமற் போனது எவ்வாறு? அதைத் தேடப் புகுந்தபோது கிடைத்தவையே இக்கட்டுரையில் உள்ளன.

இரு குடும்பங்கள்

காக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. வடக்கே கனடா முதல் தெற்கே பட்டகோனியா வரை ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே இயற்கையாக வளர்கின்றன. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்து செல்லும்வரை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ முட்காக்டஸை ஒருவரும் கண்டதில்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ரிப்சாலிஸ் என்னும் காக்டஸ் இனம் ஒன்று ஆப்பிரிக்காவிலும் நம் அண்டையிலுள்ள இலங்கையிலும் காட்டு மரங்களில் கயிறு கயிறாகத் தொங்கி வளர்கிறது. அதில் தூணும் இல்லை, பாலைநிலத் தோற்றமும் இல்லை. அதனைக் கண்டு எவரும் கள்ளி என்று மயங்கார்.

நம் கள்ளிகளோ யூபோர்பியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்று ஊர்ப்புறத்தார் பிரித்து வழங்குவன யாவும் இவ்வினத்தனவே. இவற்றின் உறவினர் யார் என்று பார்த்தால் நமக்கு வியப்புண்டாகும். ஆமணக்கு ஒன்று, மரவள்ளி மற்றொன்று, மூன்றாவதாக நிற்பது பால்மரம். ஆம், நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு சீவினார்களே, அந்த ரப்பர் மரமே கள்ளிக்கு உறவு. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அவையே வித்து. அமெரிக்கக் காட்டிலிருந்து வந்த அந்த மரம் தமிழ்நாட்டு வேலிக் கள்ளியின் இனம். அதே அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸோ கள்ளியின் வடிவை அப்படியே கொண்டிருந்தும் அயல். உறவைத் தோற்றத்தில் தேடினால் தவறிவிடுவோம். பாலில் தேடினால் கண்டுகொள்வோம்.

தொடர்பில்லாத இரு குடும்பங்கள் ஒரே உருவை அடைந்தது எவ்வாறு? நீர் அரிதான நிலத்தில் இலை ஒரு பெருஞ்செலவு. இலை வழியே நீர் ஆவியாகிப் போகும். ஆகவே இரு குடும்பங்களும் தனித்தனியே, வெவ்வேறு கண்டங்களில், இலையைக் குறைத்துத் தண்டைப் பச்சையாக்கிக்கொண்டன. தண்டில் நீரைச் சேர்த்தன. அந்நீரைத் தேடி வரும் விலங்குக்கு அஞ்சி முள் பூண்டன. வரப்பு போன்ற மடிப்புகளின் பயன் இன்னும் நுட்பமானது. மழை பெய்தால் தண்டு ஆர்மோனியத் துருத்தி போல் விரியும், வறண்டால் சுருங்கும், தோல் கிழியாது. இவற்றுள் பல, பகலெல்லாம் தம் மூச்சுத் துளைகளை மூடி வைத்திருந்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை ஏற்றுச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதனைக் கொண்டு உணவு சமைக்கின்றன. ஒரே இன்னல் ஒரே உபாயத்தைக் கற்பித்தது என்க.

ஒடித்துப் பார்க்காமலே இரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. காக்டஸின் முட்கள் சிறு பஞ்சுமெத்தை போன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாக எழும். கள்ளியில் அம்மெத்தை இராது. விளிம்பின் மேட்டில் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். என் அறிவியல் மூலையில் இருந்த செடியின் முட்களும் இரண்டிரண்டாகவே இருந்தன. அட்டை எழுதும் அவசரத்தில் அவற்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

புலவர் கேட்ட ஓசை

சங்க இலக்கியத்தில் கள்ளிக்கு இரண்டு இடங்கள் உண்டு. பொருள் தேடிப் பிரிந்து போகும் தலைவன் கடக்கும் பாலை வழி ஒன்று. இறந்தோரை எரிக்கும் காடு மற்றொன்று. புறநானூற்றின் 245-ஆம் பாட்டில், தன் தேவியை ஈமத்தீயில் இட்ட சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, கள்ளி வளர்ந்த களர் நிலத்தில் நின்றே தன் துயரைச் சொல்கின்றான்.

இந்தக் கள்ளி எந்தக் கள்ளி? பாலைத் திணைக்குப் படம் வரையும் ஓவியர் பலர் தட்டைத் தட்டையான மடல்களையுடைய சப்பாத்துக் கள்ளியை வரைந்துவிடுகின்றனர். அது காக்டஸ் குடும்பத்தது; கொலம்பஸுக்கு முன் இந்த நாட்டில் இல்லாதது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாட்டில் அதற்கு என்ன வேலை?

காலக் கணக்கை விட்டுவிட்டாலும் பாட்டே சான்று பகர்கின்றது. குறுந்தொகையின் 174-ஆம் பாட்டு மழை மறந்த ஒரு காட்டைக் காட்டுகிறது. அங்கே கவைத்த முள்ளையுடைய கள்ளியின் காய் வெடிக்கும் கடுமையான ஓசை கேட்டு, துணையோடிருந்த புறாக்கள் அஞ்சிப் பிரிந்து போகின்றன. இதனைக் கற்பனை என்று எண்ணி வகுப்பில் பல ஆண்டுகள் நானும் கடந்து போயிருக்கின்றேன். உண்மையில் இது செடி நூலறிஞர் எழுதத்தக்க குறிப்பு. கள்ளிக்காய் மூன்று அறைகளாக அமைந்தது. முற்றி உலர்ந்ததும் ஓடு தெறித்து விதையை வீசும். ஆமணக்கும் பால்மரமும் இவ்வாறே வெடிக்கும். உச்சி வெயிலில் ரப்பர்க்காய் 'பட் பட்' என்று வெடிக்கும் ஓசையைத் தோட்டத்தில் பிறந்தவர் எவரும் மறக்கமாட்டார். காக்டஸின் பழமோ சதைப்பற்றுள்ளது. இவ்விதம் ஓசையெழ வெடிப்பதில்லை. ஆகவே அந்தப் புலவர் கேட்டது யூபோர்பியாவின் ஓசையே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் இக் 'கள்ளி' என்னும் சொல் உலகத் தாவர நூலிலும் ஏறியுள்ளது. கொச்சியில் ஒல்லாந்துக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் மரஞ்செடிகளைத் தொகுத்து 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அதில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகள்ளி ஆகியவை உள்ளூர்ப் பெயர்களோடும் படங்களோடும் உள்ளன. 1753-இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் சூட்டியபோது, அவற்றுள் ஒன்றுக்கு அப்பெயரையே எடுத்து யூபோர்பியா திருகள்ளி என்று வைத்தார். காக்டஸ் என்னும் பெயரின் கதை இதற்கு நேர்மாறு. அது பழைய கிரேக்கர் சிசிலித் தீவின் முட்செடி ஒன்றுக்கு வழங்கிய பெயர். அதை எடுத்து, கிரேக்கர் கனவிலும் கண்டிராத அமெரிக்கச் செடிகளுக்கு ஏற்றிவிட்டார் அவர்.

சாயத்துக்காக வந்த செடி

அமெரிக்கக் காக்டஸ் தமிழகத்துக்கு வந்தது எப்போது? சப்பாத்துக் கள்ளி என்ற பெயரே ஒரு தடயம். சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல். இலங்கைத் தமிழர் இன்றும் அவ்வாறே வழங்குவர். செடியின் மடல் காலணியின் அடியைப் போன்றிருப்பதால் அப்பெயர். 'சப்பாத்தி' என்று திரித்து ரொட்டியோடு சேர்த்துச் சொல்வது பிற்கால வழக்கு என்பதே என் கருத்து. ஆக, போர்ச்சுகீசியர் சொல்லை நம் மக்கள் கற்றுக்கொண்ட பின்பே இப்பெயர் பிறந்திருத்தல் வேண்டும். வந்த செடியைக் கண்டவர்கள், தம் ஊர்க் கள்ளியைப் போலிருக்கிறதே என்று கள்ளியென்றே அழைத்தார்கள். மயக்கம் அன்றே தொடங்கிவிட்டது. படமெடுத்த பாம்பின் சாயலைக் கண்டவர்கள் நாகதாளி என்றனர்.

அடுத்து நிகழ்ந்தது ஒரு சாயத்தின் கதை. மெக்சிகோவில் காக்டஸ் மடல்களின்மேல் வெண்பஞ்சு போர்த்தி வாழும் சிறு பூச்சி ஒன்றுண்டு, கொச்சினீல் என்பர். அதை உலர்த்திப் பொடித்தால் கண்ணைப் பறிக்கும் செஞ்சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ எழுபதாயிரம் பூச்சிகள் வேண்டும். ஆங்கிலப் படைத் தலைவர்களின் சிவப்புச் சட்டைக்கு நிறம் தந்தது இதுவே. ஸ்பானியர் இந்த வாணிகத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தம் கைக்குள் வைத்திருந்தனர். அது விதையா பூச்சியா என்றுகூட ஐரோப்பியர் நெடுநாள் வழக்காடினர். லேவன்ஹூக் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் பூச்சி என்று காட்டிய பிறகே அவ்வழக்குத் தீர்ந்தது.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கம்பெனிக்காகப் பிரித்தானியக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டு டிசம்பரில், அதே கம்பெனியின் சென்னை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கடற்கரைப் புல்லில் செஞ்சாயப் பூச்சியைக் கண்டதாக எண்ணி மகிழ்ந்தார். இங்கிலாந்திலிருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி பயன்படவில்லை. ஆனால் கம்பெனிக்கு ஆசை பிறந்துவிட்டது. பினாங்கில் சாதிக்காயும் கிராம்பும் பயிராக்கி ஒல்லாந்தர் வாணிகத்தை உடைக்க அது முயன்றது போலவே, சென்னையில் சாயம் விளைத்து ஸ்பானியர் வாணிகத்தை உடைக்க விரும்பியது. கியூவிலிருந்து காக்டஸ் செடிகள் வந்தன. சைதாப்பேட்டையில் அவற்றுக்கென்றே ஒரு தோட்டம் உண்டாயிற்று. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்தார். செடி தயார், பூச்சியைத்தான் காணோம்.

1795-இல் நீல்சன் என்னும் படைத் தலைவர், ரியோ டி ஜெனீரோவில் கப்பல் நின்றபோது பூச்சி பிடித்த மடல்களை எடுத்துக் கல்கத்தாவில் சேர்த்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. வந்தது உயர்ந்த சாயப் பூச்சியன்று. அதன் காட்டு இனம். தந்த சாயம் மட்டமானது. அதைவிட வேடிக்கை, அரும்பாடுபட்டு வளர்த்த கியூ செடிகளை விட்டுவிட்டு, முன்பே நாட்டில் வேலியாகப் பரவியிருந்த வேறொரு காக்டஸ் இனத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தின்று அழித்தது. உண்மையான கொச்சினீலைக் கொண்டுவருவோருக்கு இரண்டாயிரம் பவுன் பரிசு என்று கம்பெனி அறிவித்தும் பார்த்தது. பலனில்லை. பின்னர் செயற்கைச் சாயங்கள் வந்து அந்த ஆசைக்கே முடிவு கட்டின. ஆனாலும் பூச்சிச் சாயம் உலகை விட்டுப் போய்விடவில்லை. கடையில் வாங்கும் சிவப்பு நிறத் தின்பண்ட உறையில் ஈ-120 என்ற குறியைக் கண்டால் அது இதுவே. மரக்கறி உண்போர் கவனிக்கத்தக்கது.

தாத்தாக்களின் வழக்கு

ஆண்டர்சனின் முயற்சியில் ஒரு பயன் எஞ்சியது. காக்டஸ் காட்டைப் பூச்சியால் அழிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது. 1860-களில் அந்தப் பூச்சியை இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வேண்டுமென்றே கொண்டுபோய்க் காக்டஸ் மீது விட்டனர். அது வேலையை முடித்தது. களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சியை அனுப்பி வெற்றி கண்ட முதல் நிகழ்ச்சியாக இதனை அறிஞர் கூறுவர்.

ஆனால் தமிழகத்தை மூடிக்கிடந்த சப்பாத்துக் கள்ளி வேறு இனம். அதனை இப்பூச்சி தொடவில்லை. வேலிக்கென்று வைத்தது வயலுக்குள் வந்தது. மேய்ச்சல் நிலத்தையும் பாதையையும் விழுங்கியது. பாம்புக்கும் பன்றிக்கும் புகலிடமாயிற்று. வெட்டிப் போட்டால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டது. ஆஸ்திரேலியாவில் நிலைமை இதனினும் கொடிது. 1788-இல் முதற் குடியேற்றக் கப்பல்கள் சாயத்துக்கென்று கொண்டுபோன காக்டஸும் பின்னர்ச் சென்ற இனங்களுமாகச் சேர்ந்து, 1920-களில் ஏறத்தாழ ஆறு கோடி ஏக்கரைப் பிடித்துக்கொண்டன. அங்கே அர்ஜெண்டினா நாட்டு அந்துப்பூச்சி ஒன்றை 1926 முதல் பரப்பி மீண்டனர். அப்பூச்சியின் நினைவாகக் குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்னும் சிற்றூரில் 1936-இல் ஒரு மண்டபமே கட்டினார்கள்.

நமக்கு உதவியது வேறு பூச்சி. வட அமெரிக்காவைச் சேர்ந்த மற்றொரு கொச்சினீல் இனம் ஆஸ்திரேலியா வழியாக 1924-இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-இல் தென்னிந்தியாவுக்கும் வந்தது. அது சப்பாத்துக் கள்ளியின் சாற்றை உறிஞ்சியே அதைச் சாய்த்தது. சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் பெரும் பரப்புகள் முள் நீங்கி வெளியாயின.

இங்கே என் வீட்டு வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் 1920-களின் தொடக்கத்தில் திருச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அவருடைய தம்பி 1936-இல் வந்தார். லயத்து வாசலில் இருவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பாட்டனார், "ஊர் எல்லையிலே நாகதாளி ஆளுயரத்துக்கு அடைச்சுக் கிடக்கும், பழத்தைக் கொக்கியால் பறித்து மண்ணிலே புரட்டி முள்ளை நீக்கித் தின்போம், நாக்கெல்லாம் சிவந்துபோகும்" என்பார். சின்னத் தாத்தா, "எந்த ஊரைச் சொல்றீங்க அண்ணே? அங்கே ஏது அவ்வளவு நாகதாளி?" என்று மறுப்பார். வயதானவர்கள் நினைவு தடுமாறுகிறது என்று சிறுவனாயிருந்த நான் எண்ணிக்கொள்வேன். இருவருக்கும் நடுவே 1926 இருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. இருவர் சொன்னதும் மெய்.

இருவரும் ஒன்றில் மட்டும் வேறுபட்டதில்லை. நாகதாளிக்கு முள்ளுக்குத்தான் பயம், கள்ளிக்குப் பாலுக்குப் பயம் என்பார்கள். மூன்றாம் தலைமுறைக்கு முள் மட்டுமே நினைவிருந்தது; இங்கே நம் வாசலில் வேலிக் கள்ளி இல்லாததால் பால் மறந்துபோயிற்று. பெயர்ப்பலகை எழுதிய எனக்கும் அதுவே நேர்ந்தது.

மழை நாட்டில் பாலைச் செடி

இனி வீட்டில் தூண் காக்டஸ் வளர்ப்போருக்குச் சில சொற்கள். உண்மையான தூண் காக்டஸுக்குச் செரியஸ் என்பது பழைய பெயர். மெழுகுவத்தி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1754-இல் செல்சித் தோட்டத்துப் பிலிப் மில்லர் நூலில் இப்பெயர் காணப்படும். பெரு நாட்டுச் செரியஸ் என்று பெயர் பெற்று வீடுகளில் மிகுதியும் வளர்வது பெரு நாட்டதன்று. பிரேசிலின் தென்பகுதி முதல் அர்ஜெண்டினா வரையுள்ள நிலத்தது. அரிசோனாவின் பேர்பெற்ற சாகுவாரோ நாற்பது அடி உயரும்; ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியே முதற் கிளை விடும்; நம் சட்டிக்கு அது ஒத்துவராது.

ஐரோப்பியர் காக்டஸை வீட்டுக்குள் வைத்தது குளிருக்கு அஞ்சி. கண்ணாடி வீடு கட்டி, கணப்பு மூட்டிக் காத்தார்கள். அவர்கள் எழுதிய நூல்கள் கோடையில் நீர் விடு, குளிர்காலத்தில் நிறுத்து என்று சொல்லும். பினாங்கில் ஏது குளிர்காலம்? நாம் கூரைக்குள் வைப்பது மழைக்கு அஞ்சி. அரிசோனாவின் டூசான் நகரில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டரை ஒட்டியது. பினாங்கில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே நூலின் நாட்காட்டியை மூடி வைத்துவிட்டுச் சட்டி மண்ணைப் பார்ப்பதே முறை. ஒரு மூங்கிற் குச்சியை அடிவரை செருகி எடுத்தால், ஈரம் ஒட்டாமல் வரும் நாளே நீர் விடும் நாள். விடும்போது அடித்துளையில் வழியும்வரை விட்டு, பிறகு மறந்துவிட வேண்டும். நம்மவர் நாள்தோறும் துளசிக்கு ஊற்றும் செம்பின் மிச்சத்தை இதற்கும் ஊற்றுகிறார்கள். தூண் அழுகுவதற்கு முதற் காரணம் அதுவே. சட்டிக்கடியில் தட்டு வைத்து நீர் தேங்கவிடுதல் இருமடங்கு தவறு: வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும், சுகாதார அதிகாரியின் அபராதச் சீட்டும் வரும்.

மண்ணில் பாதிக்குக் குறையாமல் பருமணலும் உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் இருக்கட்டும். மண் சட்டியே நல்லது. ஈரத்தை வெளிவிடும், கனமாக இருப்பதால் உயர்ந்த தூணைச் சாயவிடாமலும் தாங்கும்.

ஒளியைப் பற்றி நம் தீவுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பாதியிலும் சூரியன் நேர் உச்சியில் கடக்கிறது. இடைப்பட்ட நடு ஆண்டில் வடக்குச் சன்னலுக்கும், ஆண்டிறுதியில் தெற்குச் சன்னலுக்கும் சாய்ந்த வெயில் கிடைக்கும். கிழக்கோ மேற்கோ பார்த்த சன்னல் ஆண்டு முழுதும் உதவும். ஒளி குறைந்த கூடத்து மூலையில் வைத்தால் செடி உடனே சாகாது, அங்கேதான் ஏமாற்றம். நுனி மெலிந்து வெளுத்து ஊசிபோல் நீளும். பிறகு வெயிலுக்கு மாற்றினாலும் மெலிந்த இடுப்பு பருக்காது. காற்றில் அங்கேயே ஒடியும். நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலில் வைப்பதும் கூடாது. தோல் வெந்து தழும்பாகும். பத்துப் பதினைந்து நாள் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

மடிப்புகளின் இடையே வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஆண்டர்சன் தேடியலைந்த பூச்சிக்கு இது தூரத்து உறவு. சாயம் மட்டும் கிடையாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும். அடித்தண்டு பழுப்பாகி மெத்தென்று அமுங்கினால், அழுகல் ஏறிவிட்டது என்று பொருள். பச்சை தெரியும் இடத்துக்கு மேலே தூய கத்தியால் வெட்டி, வெட்டுவாயை இரண்டு வாரம் நிழலில் உலரவிட்டு, காய்ந்த மணலில் நட்டால் மேற்பகுதி பிழைக்கும். காக்டஸாயின் வெட்டுவாயில் நிறமற்ற நீர் கசியும். பால் கசிந்தால் அது கள்ளி. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் மேலே தொடக்கூடாது. தவறிக் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கண்ணைத் திறந்து கழுவி, செடியின் சிறு துண்டு ஒன்றை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செரியஸ் வீட்டுக்குள் பூப்பது அரிது. வெளிமுற்றத்தில் முதிர்ந்து நின்றால் இரவில் பெரிய வெண்மலர் விரியும், காலையில் வாடிவிடும். அதன் இன்னொரு உறவினரை நம் அண்டை வீட்டார் நன்கு அறிவர். சீனர் வீடுகளில் கெங்-ஹுவா என்று விழித்திருந்து பார்க்கும் இரவுமலர், இலைபோல் தட்டையான தண்டுடைய காக்டஸே. மலாய்க்காரர் அதனைப் பூங்கா பக்காவலி என்பர். 1955-இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தின் பெயரான குலேபகாவலியும் இந்தப் பக்காவலியும் ஒரே பழங்கதையின் மலர். சந்தையில் விற்கும் டிராகன் பழமும் காக்டஸின் பழந்தான். மலாயில் அது புவா நாகா. நம்மவர் நாகதாளி என்றனர். ஒரு குடும்பத்துச் செடிகளில் இரு மொழியாரும் ஒரே நாகத்தைக் கண்டிருக்கின்றனர்.

எங்கள் பள்ளியின் அறிவியல் மூலையில் இப்போது இரண்டு சட்டிகள் உள்ளன. ஒன்றில் செரியஸ். மற்றொன்றில், அன்று ஒடிந்த நுனியிலிருந்து வளர்ந்த கள்ளி, கம்பிவலைக் கூண்டுக்குள் நிற்கிறது. அதன் அட்டையை நான் எழுதவில்லை. அந்த மாணவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போகுமுன் தானே எழுதிக் கட்டிவிட்டுப் போனான்: "கள்ளி. ரப்பர் மரத்துக்குச் சொந்தம். பால் இருக்கிறது. தொடாதே."